கறுப்புக் கட்டத்துக்குப் பாடம்

நிறுத்திட்டீங்களா? நல்லது தம்பி. ரொம்ப நல்லது. அயோத்தியாப்பட்டணம் தாண்டினதுல இருந்து பாக்கறேன், உங்க செல்லுல ஒரு அம்மா வாய் ஓயாம பேசிட்டே வருது, நீங்க ஜன்னல் வழியா புளியமரத்தைப் பாத்துக்கிட்டு வர்றீங்க. என்னன்னு கேட்டா ஆபீஸ் டிரெயினிங்குன்னு சொல்றீங்க. டிரெயினிங்! பஸ்ல உக்காந்துக்கிட்டு! காதுல ஒரு வயரு, மடியில ஒரு கடலைப் பொட்டலம். அந்த அம்மாவுக்குத் தெரியுமா நீங்க கடலை தின்னுட்டு இருக்கறது? தெரியாது. அதான் விஷயமே.

நான் யாருகிட்டயும் வலியப் போய்ப் பேசற ஆளில்ல. ஆனா இந்த ஒரு விஷயத்துல என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது. ஏன்னா எனக்கும் அதே தொழில்தான். பேரு மாணிக்கவாசகம். சேலத்துல ஒரு பால் கம்பெனி. கம்பெனி பேரு எதுக்கு, நீங்க காலையில குடிச்ச காப்பியில இருந்தாலும் இருக்கும். அதுல பயிற்சி அதிகாரி. இப்ப ஆலோசகர்னு போட்டிருக்காங்க, அதை அப்புறம் சொல்றேன். அரூர் போற வரைக்கும் நேரம் கிடக்குது.

எங்க கம்பெனிக்கு ஊர் ஊருக்குக் குளிரூட்டு நிலையம் இருக்கு. ஊர்ல கறக்கற பாலெல்லாம் அங்க வரும், குளிர வச்சு சேலத்துக்கு அனுப்புவாங்க. அந்தக் குளிருக்கு அமோனியா வேணும். அமோனியான்னா தெரியுமா? குழாய்க்குள்ள இருக்கற வரைக்கும் சாது. வெளிய வந்துச்சுன்னா கண்ணையும் நெஞ்சையும் ஒரே நேரத்துல பிடிக்கும். அது கசிஞ்சா என்ன பண்ணணும், எப்படித் தப்பிக்கணும், அதைச் சொல்லிக் கொடுக்கறதுதான் என் வேலை. வேலை செய்யற ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு தடவை என்கிட்ட வந்து உக்காந்தாகணும்.

எப்படி உக்காருவாங்கங்கறீங்க? சேலத்துல எங்க தலைமை ஆபீஸ் மாடியில ஒரு ஹால். எல்லா ஊர்லருந்தும் ஆளுங்க பஸ் ஏறி வருவாங்க. ரெண்டு நாள் வகுப்பு. நான் உள்ள நுழைஞ்சா பேச்சு சத்தம் அப்படியே அடங்கும். அது ஒரு அழகு தம்பி. அந்த அமைதியை நீங்க எந்தக் கம்ப்யூட்டர்லயும் வாங்க முடியாது. முதல்ல ஒரு பஞ்சுல அமோனியா தொட்டு முன்வரிசையில ஒருத்தன் மூக்குக்கிட்ட நீட்டுவேன். அவன் துள்ளுவான். எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் ஒரு நிலையத்தைப் படமா போர்டுல வரைவேன். இது மிஷின் ரூம், இது பால் இறக்கற மேடை, இது முன் கேட்டு, கேட்டுக்குப் பக்கத்துல மரம். கசிஞ்சதும் எல்லாரும் முன் கேட்டுக்கு ஓடி மரத்தடியில கூடணும். எல்லா ஊருக்கும் அதே படம்தான். நிலையம்னா நிலையம்தானே, ஊருக்கு ஒரு படமா வரைய முடியும்? கடைசியில கேஸ் பட்டவன் எப்படி விழுவான்னு நானே விழுந்து காட்டுவேன். மேஜையைப் பிடிச்சு, கண்ணைச் சொருகி, அப்படியே சாய்வேன். கை தட்டுவாங்க. மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு, பாயசத்தோட. இன்னைக்கும் எந்த நிலையத்துக்குப் போனாலும், சார் நீங்க விழுவீங்களே, இன்னும் கண்ணுலயே நிக்குது சார்ங்கறாங்க. கண்ணுல நிக்குதாம்! அதுதான் பாடம்.

அப்புறம் கொரோனா வந்துச்சு. ஹாலைப் பூட்டினாங்க. சரி, பூட்டட்டும். நோய் போனதும் தொறக்கணுமா இல்லையா? தொறக்கல. எங்க பொது மேலாளர் ராமபத்ரன்னு ஒருத்தர், என்னைவிடச் சின்னவரு, அவரு சொல்றாரு, ரெண்டு நாளைக்கு ஆளுங்களைச் சேலத்துக்கு இழுத்தா அங்க பால் யாரு இறக்கறது, இனிமே வகுப்பெல்லாம் நேரலையில நடத்துங்க வாசகம் சார்னு. நேரலை! ஏதோ திருவிழா ஒளிபரப்பு மாதிரி.

முடியாதுன்னு சொல்லல தம்பி. நான் அப்படிப்பட்ட ஆளில்ல. வீட்டுல முன்ரூம்ல மேஜை போட்டு, பின்னாடி வெள்ளைத் துணி கட்டி, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு உக்காந்தேன். ஹால்ல என்ன நடத்தினேனோ அதையே ஒரு வரி விடாம நடத்தினேன். காலையில தொடங்கி மத்தியானச் சாப்பாடு வரைக்கும். எனக்கு முன்னாடி என்ன இருந்துச்சு தெரியுமா? கறுப்புக் கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு பேரு. மூஞ்சி கிடையாது. கேமராவைப் போடுங்கய்யான்னா, நெட்டு இழுக்குது சார்ங்கறான். ஒரு கட்டத்துல பால் கேன் உருட்டற சத்தம். ஒரு கட்டத்துல ஒருத்தி குழந்தையைக் குளிப்பாட்டறா. ஒருத்தன் குறட்டை. பஞ்சு நீட்டற இடம் வந்துச்சு. யாரு மூக்குக்கு நீட்டறது? என் மூக்குக்கே நீட்டிக்கிட்டேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. ஒருத்தனும் சிரிக்கல.

அப்புறம் அந்த விழுகற இடம். விழுந்தேன். விழுந்தா கேமராவுல நான் இல்ல! வெள்ளைத் துணி மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. எந்திரிச்சு வந்து, புரிஞ்சுதான்னு கேக்கறேன், பதிலே இல்ல. யாராவது இருக்கீங்களான்னு கேக்கறேன். யாராவது இருக்கீங்களா? ஹலோ? கேட்டுக்கிட்டே இருக்கேன். என் வீட்டுக்காரி சமையல்கட்டு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அவதான் சொன்னா, ஏங்க, அந்த வட்டம் ரொம்ப நேரமா சுத்திக்கிட்டே இருக்குங்கன்னு. நெட்டு எப்பவோ போயிருக்கு. நான் பாட்டுக்குத் தனியா பேசி, தனியா விழுந்து, தனியா எந்திரிச்சிருக்கேன்.

அவ சிரிக்கல. சிரிச்சிருந்தாகூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

யாரு தப்பு அது? என் தப்பா? முப்பது வருஷமா அதே பாடம், அதே ஆளு, அதே கதை. மாறினது அந்தக் கண்ராவி டப்பாதானே? ஆனா ராமபத்ரன் என்ன பண்ணினாரு? பாடத்தை நேரலைக்கு ஏத்த மாதிரி மாத்தி அமைக்க ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தாரு. ஜெஸ்லின். மார்த்தாண்டத்துக்காரப் பொண்ணு. முப்பது வயசு இருக்கும். அதுக்குன்னே படிச்சிருக்காளாம். நேர்ல எடுக்கற வகுப்பைக் கம்ப்யூட்டர் வகுப்பா மாத்தறதுக்கு ஒரு படிப்பு! இட்லிய மிக்ஸியில போட்டுக் குடிக்கறதுக்கு ஒரு படிப்பு வச்சாலும் வைப்பாங்க.

வந்த முதல் நாளே என் முன்னாடி உக்காந்து கேள்வி கேக்கறா.

"சார், இந்த ரெண்டு நாள்ல அவங்க என்ன செய்யறாங்க?"

"கேக்கறாங்கம்மா."

"கேக்கறதைத் தவிர, கையால காலால என்ன செய்யறாங்க சார்?"

"சாப்பிடறாங்க"ன்னேன்.

வாயை அடைச்சுட்டேன்ல? பக்கத்துல இருந்த கிளார்க்குகூடச் சிரிச்சான். அவ சிரிக்கல, எதையோ யோசிச்சுக்கிட்டு இருந்தா. அப்புறம் கேக்கறா, வகுப்பு முடிஞ்சு போறப்ப அவங்களுக்கு எதைச் செய்யத் தெரிஞ்சிருக்கணும் சார்னு. அமோனியாவைப் பத்தித் தெரிஞ்சிருக்கணும்மான்னேன். பத்தி இல்ல சார், எதைச் செய்யத் தெரிஞ்சிருக்கணும்ங்கறா. இந்த மாதிரி ஆளுகிட்ட என்ன பேசறது?

என் படங்களை எடுத்து வெட்டினா தம்பி. முப்பது வருஷம் சேர்த்து வச்ச படம். அமோனியாவைக் கண்டுபிடிச்ச வரலாறு, கம்பெனி வரலாறு, நிறுவனர் போட்டோ, எல்லாம் போச்சு. இதெல்லாம் படிக்கறதுக்கு முன்கூட்டியே அனுப்பிடலாம் சார், கூடியிருக்கற நேரத்தைச் செய்யறதுக்கு வச்சுக்கலாம்னா. ரெண்டு நாளை உடைச்சுத் துண்டு துண்டாக்கினா. ஒரு நாளைக்கு ஒண்ணரை மணி நேரம்தான், அதுவும் பால் வண்டி வராத நேரமா பாத்து. எல்லா ஊரையும் ஒண்ணா உக்கார வைக்காம, ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு நிலையம். சினிமா தியேட்டர்ல ஒரு வரிசைக்கு மட்டும் படம் ஓட்டற மாதிரி!

எனக்கு என்ன வேலை கொடுத்தா தெரியுமா? பக்கத்துல உக்காந்து, யாரு என்ன எழுதறாங்கன்னு பாக்கணுமாம். யாருக்காவது நெட்டு போனா ஃபோன் போட்டு உள்ள கூட்டணுமாம். நடத்தறவ ஒருத்தி, கவனிக்கறவர் ஒருத்தர், ரெண்டு பேர் இருந்தாத்தான் சார் நேரலை வகுப்பு ஓடும், ரொம்ப முக்கியமான வேலை சார் இதுங்கறா. முக்கியமான வேலை! கல்யாண வீட்டுல வாசல்ல சந்தனம் கொடுக்கறவன்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவாங்க.

ஒரே ஒரு நாள் உக்காந்தேன். அரூர் நிலையத்துக்கு நடந்த வகுப்பு. இப்ப நாம போயிட்டு இருக்கற அதே அரூர்தான். சிரிப்பா சிரிச்சீங்கன்னா வயிறு வலிக்கும், கேளுங்க.

எடுத்ததும் ஒருத்தர் விடாம பேர் சொல்லிக் கூப்பிட்டா. பாப்பாத்தியக்கா இன்னைக்கு எந்தப் பக்கம் வேலை, முனிரத்தினம் அண்ணா இப்ப எங்க நிக்கறீங்கன்னு. பாடம் எப்ப தொடங்கும்னு நான் பாத்துக்கிட்டு இருக்கேன். அவ என்ன சொல்றா, எல்லாரும் எந்திரிங்க, செல்லைக் கையில எடுங்க, நீங்க வேலை செய்யற இடத்துக்குப் போய் நில்லுங்கங்கறா. வகுப்புல உக்கார வைக்கறது தெரியும், எந்திரிச்சு வெளிய போகச் சொல்ற வாத்தியாரைப் பாத்திருக்கீங்களா? எல்லாரும் கிளம்பிட்டாங்க. படம் ஆடுது, ஒரே செருப்பு, தரை, யாரோட முழங்காலோ. எனக்குத் தலை சுத்திருச்சு.

"இப்ப மிஷின் ரூம்ல கசிவுன்னு வச்சுக்குங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, காட்டுங்க"ன்னா.

ஒருத்தருக்கும் தெரியல. ஒருத்தன் கிழக்குங்கறான், ஒருத்தன் மேற்குங்கறான். அப்ப ஒரு கம்பத்துல ஒரு துணியைக் கட்டுங்கன்னா. கிழிஞ்ச துண்டு ஒண்ணைக் கட்டினாங்க. அது முன் கேட்டுப் பக்கமா பறந்துச்சு. உடனே இவ, மிஷின் ரூம்ல இருந்து காத்து முன் கேட்டுக்குப் போகுது, அப்ப கேஸும் அங்கதான் போகும், இப்ப நீங்க எந்தப் பக்கம் போவீங்கன்னு கேக்கறா. பின் பக்கம்ங்கறாங்க. சரி நடந்து காட்டுங்கங்கறா. நடந்தாங்க. பின் கேட்டு பூட்டியிருந்துச்சு. மாடு உள்ள வருதுன்னு நிலைய மேலாளர் பூட்டி வச்சிருக்காரு. சாவி அவரு பைக் சாவியோட இருக்கு, பைக் தருமபுரியில இருக்கு.

எனக்கு அடக்க முடியல. மைக்குல வாயை வச்சு, "ஏம்மா, ஒரு பூட்டைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு பெரிய வகுப்பு?"ன்னுட்டேன்.

எல்லாருக்கும் கேட்டுருச்சு. கேக்கட்டும்னுதான் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "ஆமா சார், அதுக்குத்தான்"னா. வெக்கமே இல்ல. அடுத்த வகுப்பை அந்தக் கேட்டுல இருந்துதான் தொடங்குவேன், பூட்டு இருந்தா தொடங்க மாட்டேன்னு மேலாளர்கிட்டச் சொல்லி, ராமபத்ரன்கிட்டயும் சொல்லி, பூட்டையே எடுக்க வச்சுட்டா. மாட்டுக்கு ஒரு மூங்கில் தட்டி கட்டிக்கிட்டாங்களாம். அப்புறம் கண்ணு கழுவறது. தண்ணிக் கேனைச் சாய்ச்சு வச்சு, ஆளுக்கு ஆள் மாத்தி மாத்தி கண்ணுல ஊத்திக்கிறது. அதையும் கேமரா முன்னாடி. கால் மணி நேரம் விடாம ஊத்தணுமாம், பாதியில நிறுத்தினா மறுபடியும் முதல்ல இருந்து. பெரிய மனுஷங்க தண்ணி ஊத்தி விளையாடறாங்க, அதுக்குப் பேரு பயிற்சி!

நான் அன்னைக்கே எந்திரிச்சு வந்துட்டேன்.

இப்ப கொஞ்சம் சொந்த விஷயம் சொல்லணும். மஞ்சவாடிக் கணவாய் வருது பாருங்க, அந்தக் கம்பியைப் பிடிச்சுக்குங்க, இந்த டிரைவர் வளைவுல பிரேக்கே போட மாட்டான். எனக்கு ஒரே பொண்ணு, சுபாஷிணி. அவளைக் கொடுத்திருக்கறது எங்க கம்பெனியிலயேதான். மாப்பிள்ளை இளவழகன், அரூர் நிலையத்துல பால் இறக்கற மேடைக்கு மேற்பார்வை. தங்கமான பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னாடியே என் ஹால்ல வந்து உக்காந்தவரு. முன்வரிசை. பஞ்சு நீட்டினப்ப துள்ளினது அவருதான்! அங்க பாத்துப் பிடிச்ச சம்பந்தம் அது.

அவரு ஒரு நாள் ஃபோன் போட்டாரு. "மாமா, அந்த மேடத்தோட வகுப்பு நம்ம நிலையத்துல மறுபடியும் நடக்குது, முதல் தடவை நான் லீவுல இருந்தேன். பேரு கொடுக்கச் சொல்றாங்க"ன்னாரு.

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை அது? நீங்க என்கிட்ட நேர்லயே படிச்சவரு"ன்னேன்.

"இல்ல மாமா, எல்லாரும் கலந்துக்கறாங்க. நான் மட்டும் போகலைன்னா..."

"மாமனார் நடத்தின பாடத்தை விட்டுட்டு அந்தப் பொண்ணுகிட்ட மாப்பிள்ளை போய்ப் படிக்கறாருன்னு நாலு பேர் பேசணுமா? ராமபத்ரன்கிட்ட நான் சொல்லிக்கறேன். உங்களுக்கு விலக்கு வாங்கித் தர்றேன்."

அவரும், "சரிங்க மாமா"ன்னாரு. எதிர்த்துப் பேச மாட்டாரு. அந்தக் குணத்துக்குத்தான் பொண்ணைக் கொடுத்தேன். ராமபத்ரனும் பெருசா கேக்கல. பழைய வகுப்பு முடிச்சவர்னு சொன்னேன், விட்டுட்டாரு.

அந்த வருஷம் மாசியில ஒரு நாள் காலையில நிஜமாவே கசிஞ்சுருச்சு தம்பி. மிஷின் ரூம்ல ஒரு குழாய் இணைப்பு விட்டுருச்சு. பால் வண்டி வர்ற நேரம். வெள்ளையா புகை மாதிரி கிளம்பியிருக்கு. மத்தவங்கெல்லாம் என்ன பண்ணினாங்கன்னா, அந்தக் கம்பத்துத் துணியைப் பாத்திருக்காங்க. துண்டை நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டு, பின் கேட்டு வழியா நடந்து, அந்தப் பக்கத்துச் சோளக்காட்டுல போய் நின்னுட்டாங்க. ஓடக்கூட இல்லையாம், நடந்தே போனாங்களாம். ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல.

மாப்பிள்ளை மட்டும் முன் கேட்டுக்கு ஓடியிருக்காரு.

தப்புன்னு சொல்ல முடியாது. முன் கேட்டுதான் கூடற இடம். போர்டுல இருந்தது அதுதான். மரத்தடி. அவருக்கு அது மனசுல அப்படிப் பதிஞ்சிருக்கு, அவ்வளவு அவசரத்துலயும் அதுதான் ஞாபகம் வந்திருக்கு. என் வகுப்பு எப்படிப் பதிஞ்சிருக்கு பாருங்க! ஆனா காத்து அன்னைக்கு அந்தப் பக்கமா அடிச்சுத் தொலைச்சிருக்கு. காத்துக்கு என்ன தெரியும்? புகை அவரு கூடவே வந்திருக்கு. காவலாளி ரூமுக்குப் பக்கத்துல விழுந்துட்டாரு.

அந்தப் பாப்பாத்தியம்மாவும் முனிரத்தினமும் காட்டு வழியா சுத்தி, ரோட்டுப் பக்கமா வந்து, காத்து ஓஞ்ச நேரம் பாத்து இழுத்து வெளிய போட்டிருக்காங்க. தண்ணிக் கேனைச் சாய்ச்சு வச்சு அவரு கண்ணுல ஊத்திக்கிட்டே இருந்திருக்காங்க. ஆம்புலன்ஸ்காரன் வந்து போதும்னானாம், இன்னும் நேரம் ஆகலைன்னு அந்தம்மா விடலையாம். கண்ணு தப்பிச்சதுக்கு அதுதான் காரணம்னு டாக்டர் சொன்னாரு. கூட வேலை செய்யறவங்க, செய்ய வேண்டியதுதானே. அதுக்குப் போய் வகுப்பு எடுத்தாத்தான் செய்வாங்களா?

கண்ணு தப்பிச்சுது. நெஞ்சுதான். குழாய் வச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல என் பொண்ணு சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்தா. நான் போய்ப் பக்கத்துல நின்னேன். தலையைத் தூக்கிப் பாத்தா. அழக்கூட இல்ல.

"ஏம்ப்பா அவரைப் போக வேண்டாம்னீங்க?"ன்னு கேட்டா.

"காத்தும்மா, அன்னைக்குக் காத்து..."ன்னேன்.

"காத்தைப் பத்திக் கேக்கலப்பா"ன்னா.

அதுக்கப்புறம் என்கிட்ட அவ பேசல. புருஷன் படுத்திருக்கான், பொம்பளைப் பிள்ளை, என்ன பேசறோம்னு தெரியாம பேசியிருப்பா. நான் மனசுல வச்சுக்கல.

அந்த ஜெஸ்லின் வந்தா. சேலத்துல இருந்து ஸ்கூட்டியிலயே வந்திருக்கா. என் பொண்ணு பக்கத்துல போய்த் தரையில உக்காந்தா. என் பொண்ணு அவ தோள்ல சாஞ்சுக்கிட்டா! பெத்தவன் நிக்கறேன், யாரோ ஒருத்தி தோள்ல சாயறா. எனக்கு எப்படி இருக்கும்? காப்பி வாங்க அவ கீழ வந்தப்ப நானும் பின்னாடியே போனேன். மனசுல இருந்ததைக் கேட்டுட்டேன்.

"ஏம்மா, முப்பது வருஷமா எல்லா நிலையத்துலயும் ஒரே சட்டம், முன் கேட்டு. நீ வந்து பாதிப் பேருக்குப் பின் கேட்டுன்னு சொல்லிக் கொடுத்துட்ட. குழப்பத்தை உண்டு பண்ணிட்ட. நீ வராம இருந்திருந்தா எல்லாரும் ஒரே பக்கம் ஓடியிருப்பாங்களா இல்லையா?"

அவ காப்பி டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்தா. "ஆமா சார்"னா. "எல்லாரும் ஒரே பக்கம்தான் ஓடியிருப்பாங்க."

அவ்வளவுதான். மேல போயிட்டா. தம்பி, நீங்களே சொல்லுங்க, இது ஒப்புக்கிட்ட மாதிரிதானே? வாயால ஒப்புக்கிட்டா. நான் ராமபத்ரன்கிட்ட இதைச் சொன்னேன், இந்த மாதிரி அவளே ஒப்புக்கிட்டான்னு. அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு, ரொம்ப நேரம் தொடைச்சாரு. அப்புறம், "வாசகம் சார், நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்க"ன்னாரு. திரும்பி வந்தப்ப என் ரூம் வாசல்ல ஆலோசகர்னு பலகை தொங்குது. நல்ல ரூம். ஏ.சி. இருக்கு. யாரும் வந்து தொந்தரவு பண்றதில்ல. ஆலோசனைன்னு கேட்டு இது வரைக்கும் ஒருத்தரும் வரல. பெரிய ஆளுகிட்ட வந்து கேக்கறதுக்கு ஒரு தயக்கம் இருக்குமில்ல.

இப்ப என் போர்டுப் படத்தை எடுத்துட்டாங்க. ஒவ்வொரு நிலையமும் செல்லைத் தூக்கிக்கிட்டு, தன் இடத்தைத் தானே நடந்து பாத்து, தானே படம் வரையணுமாம். நாமக்கல் பக்கம் ஒரு நிலையத்துல வெளிய போற கதவு முன்னாடியே டிரம் அடுக்கியிருந்தாங்களாம், ஆத்தூர்ல கண்ணு கழுவற குழாய்ல தண்ணியே வரலையாம். அதெல்லாம் கண்டுபிடிச்சாங்களாம். ரொம்பப் பெருமையா பேசிக்கறாங்க. ஏய்யா, ஹால்ல உக்காந்து ஒழுங்கா பாடம் கேட்டிருந்தா இந்தக் குப்பையெல்லாம் தெரிய வேண்டியதே இல்லையே!

மாப்பிள்ளையா? தேறிட்டாரு. வேலைக்குப் போறாரு. மாடி ஏறினா மூச்சு வாங்குது. குரல்தான் போச்சு. பேசினா தகரத்தைச் சுரண்டற மாதிரி இருக்கு. முன்னாடி நல்லாப் பாடுவாரு, கோயில் பஜனையில அவரு குரல்தான் கேக்கும். வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்காங்க.

மாசா மாசம் நான் இப்படிக் கிளம்பி வந்துடுவேன். சுபா கதவைத் தொறப்பா, காப்பி வைப்பா, உள்ள போயிடுவா. நேத்தும் நாளைக்கு வர்றேம்மான்னு ஃபோன் போட்டேன். மாப்பிள்ளைதான் எடுத்தாரு. "மாமா, நாளைக்கு மத்தியானம் எனக்கு வகுப்பு இருக்கு, முடிஞ்சதும் சேர்ந்து சாப்பிடலாம்"னாரு. என்ன வகுப்புன்னேன். அந்தப் பொண்ணு இவரையும் சேத்துக்கிட்டாளாம் தம்பி! எல்லா நிலையத்து வகுப்புலயும் கடைசியில ஒரு அஞ்சு நிமிஷம் இவரு வந்து பேசறாராம். அந்த உடைஞ்ச குரல்ல. கேமராவைப் போட்டுக்கிட்டு. அவரு பேசறப்ப மட்டும் யாரும் தன் கேமராவை அணைக்கறதில்லையாம், எல்லாக் கட்டத்துலயும் மூஞ்சி தெரியுமாம். வியாபாரம் பாருங்க. சீக்காளியைக் காட்டிப் பாடம் நடத்தறா.

எனக்குக் கோவம் வந்துச்சு. என்ன மாப்பிள்ளை பேசுவீங்கன்னு கேட்டேன். மறைக்கல. "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுவேன் மாமா. காத்தைப் பாக்காம நான் எந்தப் பக்கம் ஓடினேன்னு சொல்லுவேன்"னாரு.

அவ்வளவுதானான்னேன்.

அவ்வளவுதான் மாமான்னாரு.

பள்ளிப்பட்டி தாண்டிட்டோமா? இன்னும் கொஞ்ச தூரம்தான். நான் முன்னாடியே எந்திரிச்சு நிக்கணும், கூட்டம் இறங்க விடாது. நீங்க உங்க வயரை மாட்டிக்குங்க தம்பி, அந்த அம்மா இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன், கேட்டுக்குங்க. எந்தப் பக்கம் ஓடினேன்னு எல்லாருகிட்டயும் சொல்றாரு. யாரு சொல்லிக் கொடுத்து ஓடினேன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பொண்ணு கேட்டப்பகூட சொல்லலையாம், சுபாதான் அவங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கா. பாத்தீங்களா? அதுக்குப் பேருதான் மரியாதை. அதெல்லாம் நேர்ல உக்காந்து படிச்ச பிள்ளைக்குத்தான் தம்பி வரும்.